தூக்காமல் கூட்டிப் போவது: சக்கர நாற்காலிப் பிள்ளையோடு மதுரையில் மியூசியம்

'சக்கர நாற்காலி வருமா?' என்று போனில் கேட்டால் எல்லா இடத்திலும் 'தாராளமா வரும் சார்' என்றுதான் சொல்வார்கள். நேரில் போனால் வாசலில் நாலு படி நிற்கும். 'அதுக்கென்ன, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கிட்டாப் போச்சு' என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை; உதவி செய்யத்தான் நினைக்கிறார்கள். ஆனால் என் மகள் யாழினிக்கு இப்போது 11 வயது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது இடுப்பில் வைத்துக்கொண்டே அழகர்கோயில் வரை போய் வந்தோம். இப்போது முன்பின் தெரியாத ஆட்கள் சேர்ந்து தூக்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளே வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள். அதனால் எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிற எந்தப் பேச்சிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: யாரும் தூக்காமல் எதுவரைக்கும் போக முடியும்?

செல்லூரில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். யாழினி முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவள். டாக்டர்கள் ஸ்பைனா பிஃபிடா என்பார்கள். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கையில் நல்ல வலு. வண்டியை அவளே தள்ளிக்கொள்வாள் (வீட்டில் நாங்கள் வண்டி என்றுதான் சொல்வோம்). உங்கள் பிள்ளைக்கு வேறு மாதிரி இருக்கலாம், கழுத்து நிற்காமல் இருக்கலாம், சத்தம் ஆகாமல் இருக்கலாம். நான் சொல்வதில் உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடம், எந்த நாள்

மதுரையில் பார்க்கிற இடத்துக்குப் பஞ்சமில்லை. படி இல்லாத இடத்துக்குத்தான் பஞ்சம். பழைய கட்டடம் என்றாலே தரை உயரமாக இருக்கும், வாசலுக்கு வாசல் நிலைப்படி இருக்கும். அரண்மனை கட்டியவர்கள் பல்லக்கை மனதில் வைத்துக் கட்டியவர்கள். ராணியைத் தூக்கிப் போனால் மரியாதை. என் மகளைத் தூக்கிப் போனால் மட்டும் 'ஐயோ பாவம்' ஆகிவிடுகிறது.

எங்களுக்குப் பக்கம் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துச் சொல்லும் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது. 1959 ஏப்ரலில் நேரு திறந்து வைத்தது. காந்தியைச் சுட்டபோது அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி இங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிள்ளையிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய் முதல்முறையாகத் தெரிந்தால் சின்னவர்கள் மிரண்டுவிடுவார்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையை விட்டது நம்ம மேலமாசி வீதியில் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்தத் துணிக்கு முன்னால் நிற்கும்போது கதை தானாக ஓடும். விடுதலைப் போராட்டக் கூடத்தில் மட்டும் 265 படங்கள் இருக்கின்றன. அத்தனையும் பார்க்க நினைத்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். நாலைந்து போதும்.

யாழினி கேட்டது கீழடி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்ன பகடைக்காயையும் வட்டச் சில்லையும் அவள் பார்க்க வேண்டும். கீழடி சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ராமேஸ்வரம் ரோட்டில் சிலைமான் தாண்டித் திரும்ப வேண்டும். 2023 மார்ச்சில் திறந்த புதுக் கட்டடம். செட்டிநாட்டு வீட்டு பாணியில் முற்றம், தாழ்வாரம், தனித்தனிக் காட்சிக்கூடங்கள் என்று கட்டியிருக்கிறார்கள். தனித்தனிக் கூடங்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு கூடத்துக்குள் போய்விட்டால் எல்லாக் கூடத்துக்கும் போய்விட்டதாக அர்த்தமில்லை.

திருமலை நாயக்கர் மகாலைப் பிறகு ஒருநாள் வைத்துக்கொள்ளலாம். காலையில் காந்தி மியூசியம், மதியம் மகால், சாயங்காலம் கோயில் என்பது டூரிஸ்ட் வேன்காரர் கணக்கு. நமக்கு ஒரு நாளைக்கு ஒரு மியூசியம், அதிலும் பிள்ளை முன்கூட்டியே கேட்ட மூன்று பொருள். மற்றதெல்லாம் கண்ணில் பட்டால் லாபம்.

நாள் குறிக்கும்போது விடுமுறையைப் பாருங்கள். காந்தி மியூசியமும் அரசு அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் கணக்கு வேறு. அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காந்தி மியூசியத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மூடித் திறப்பார்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் தமுக்கம் பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள். அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக் கூட்டம், ரோட்டை வேறு அடைத்திருப்பார்கள். ஏப்ரல், மே வெயிலும் 40 டிகிரியைத் தொடும். அப்புறம், பள்ளிக்கூடங்கள் டூர் வருகிற நாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று பஸ் பிள்ளைகள் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால், உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு முதுகுகள்தான் காட்சிப் பொருள்.

போனில் கேட்பது

எந்த இடத்தில் எத்தனை படி என்று நான் இங்கே பட்டியல் போடவில்லை. வேலை நடக்கும், ஒரு கேட்டைப் பூட்டி இன்னொரு கேட்டைத் திறப்பார்கள், லிஃப்ட் நின்றுபோயிருக்கும். நீங்கள் போகிற வாரத்தில் என்ன நிலைமை என்பதுதான் உங்களுக்கு வேண்டும். அதைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

'வசதி இருக்கா?' என்று கேட்கவே கேட்காதீர்கள். 'கேட்டிலிருந்து டிக்கெட் கொடுக்கும் இடம் வரைக்கும் எத்தனை படி?' என்று கேளுங்கள். 'அங்கிருந்து முதல் கூடத்துக்கு எத்தனை?' என்று அடுத்தது. கூடம் கூடமாகக் கேட்கும்போது எதிரில் இருப்பவர் மனதுக்குள் நடந்து பார்ப்பார். அப்போதுதான் 'ஆமா சார், அங்க ஒரு படி இருக்கு' என்று நினைவு வரும். செக்யூரிட்டி அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. அலுவலகத்தில் இருப்பவர் நாற்காலியில் இருக்கிறார். செக்யூரிட்டிதான் நாள் முழுக்க நடக்கிறவர்.

'சரிவு இருக்கு சார்' என்று சொன்னால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நம்ம ஊரில் வீட்டு வாசலில் பைக் ஏற்றுவதற்குப் போடுவதும் சரிவுதான். அதில் வண்டியை ஏற்றினால் முன் சக்கரம் மேலே, பிள்ளை மல்லாக்க. அரசு வழிகாட்டி சொல்வது ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு. அதனால் 'சரிவு எத்தனை அடி நீளம், எத்தனை படிக்குப் பதிலா போட்டிருக்கு?' என்று கேளுங்கள். நாலு படிக்கு மொத்த உயரம் இரண்டு அடி என்று வைத்தால் 24 அடி வர வேண்டும். 'அஞ்சடி இருக்கும் சார்' என்றால் அது பைக்குக்குப் போட்டது. அப்புறம் இன்னொன்று: 'அந்தச் சரிவில் இப்போ பைக் நிக்குதா?' சிரிப்பார்கள். சிரித்துவிட்டு எட்டிப் பார்ப்பார்கள், அதுதான் வேண்டும்.

கதவு அகலம் 900 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்று அடி இருக்க வேண்டும் என்பது விதி. பழைய கட்டடத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. உங்கள் வண்டியின் அகலத்தை நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும். சீட்டை அளக்காதீர்கள், கையால் தள்ளும் வளையம் இருக்கிறதே, இந்தப் பக்க வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து அந்தப் பக்க வளையத்தின் வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். பிள்ளையே தள்ளுகிறவள் என்றால் விரல் மூட்டு உரசாமல் இருக்கப் பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவு அதைவிடக் குறுகல் என்றால் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போங்கள், அவளைக் கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி.

ஒத்திகையும் வாகனமும்

முதல்முறை போகிறவர்கள் நேராக மியூசியத்துக்குப் போக வேண்டாம். புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். புதுக் கட்டடம், லிஃப்ட் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியும் இருக்கின்றன. வீட்டிலிருந்து கிளம்பி, ஏற்றி, இறக்கி, சுற்றி, திரும்பி வர உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அங்கே தெரிந்துவிடும். எல்லாரும் நினைப்பதைவிடக் கூடத்தான் ஆகும். அந்த நேரத்தை வைத்து மியூசியக் கணக்கைப் போடுங்கள்.

கால் டாக்சி சொல்லும்போது ஒரு கேள்வியை மறக்கக் கூடாது: 'டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கா?' இப்போது வாடகை வண்டிகளில் நிறைய சிஎன்ஜி. டிக்கியைத் திறந்தால் சிலிண்டர் படுத்திருக்கும், மிச்ச இடத்தில் ஒரு பை கூட நேராக நிற்காது. நாங்கள் தெரிந்தவர் ஒருவரின் பழைய மாருதி ஆம்னி வேனை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு என்பதால் வண்டியைச் சீட்டுக்கு ஒட்டியே நிறுத்தலாம், யாழினி பலகை வைத்துத் தானே நகர்ந்து உட்கார்ந்துவிடுவாள். ஆட்டோ என்றால் பின்னால் மடித்துக் கட்ட இரண்டு கயிறு கொண்டு போங்கள். ஆட்டோக்காரர் வைத்திருப்பது எப்போதும் அரைக் கயிறுதான்.

முந்தின ராத்திரி வண்டியைப் பாருங்கள்

இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

காற்று அடிக்கிற டயர் என்றால் டயரின் பக்கவாட்டிலேயே எவ்வளவு காற்று என்று அச்சடித்திருக்கும். அந்த அளவுக்கு அடியுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து 'இருக்கு இருக்கு' என்று விடுவது பைக்குக்கே ஆகாது. காற்று குறைந்தால் தள்ளுகிற பிள்ளைக்குத் தோள் வலிக்கும். அது மட்டுமில்லை. சக்கர நாற்காலி பிரேக் டயரின் மேல் அமுங்கித்தான் பிடிக்கிறது. காற்று இறங்கி டயர் அமுங்கினால் பிரேக் கட்டை டயரைத் தொடாது. பிரேக் போட்டாயிற்று என்று நீங்கள் கையை எடுப்பீர்கள், வண்டி சரிவில் தானாகக் கிளம்பும். பிரேக் பிடிக்கவில்லை என்று பட்டறைக்கு வருகிற சக்கர நாற்காலிகளில் பாதிக்குக் காற்றடித்துத்தான் அனுப்புகிறேன்.

அடுத்து முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம். அதன் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டு கிடக்கும். பிளேடால் கீறி, இடுக்கியால் இழுத்து எடுங்கள். எடுத்த பிறகு கையால் சுற்றிவிட்டால் நிற்காமல் ஓட வேண்டும். நம்ம கட்டடங்களில் கல் தரையின் இணைப்பு, வாய்க்கால் கம்பி மூடி, நிலைப்படி எல்லாம் இந்தச் சின்னச் சக்கரத்தைத்தான் பிடித்து நிறுத்தும். பிடித்தால் முன்னால் முட்டித் தள்ளாதீர்கள், பிள்ளை முன்னே சரியும். வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் ஏறுகிற மாதிரிப் பின்னோக்கி இழுங்கள். கீழடியில் அகழாய்வு நடந்த தென்னந்தோப்புப் பக்கம் போகிறவர்களுக்கும் இதுதான். மண் தரையில் சின்னச் சக்கரம் புதையும், பின்னோக்கி இழுத்தால் வரும்.

பையில் ஆலன் கீ, சின்னக் கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், நாலைந்து பிளாஸ்டிக் டை. வால்வு பைக் மாதிரியா, சைக்கிள் மாதிரியா என்று பார்த்து அதற்கேற்ற பம்பை எடுங்கள். ஒற்றைப் படிக்கு நான் செக்கர் பிளேட்டில் (வழுக்காமல் இருக்க வரி போட்ட தகடு) மடிக்கிற சாய்தளம் ஒன்று செய்து வைத்திருக்கிறேன், நாலடி நீளம். நாலு இஞ்ச் படிக்கு அது சரியான கணக்கு. ஆறு இஞ்ச் என்றால் பின்னால் ஆள் பிடித்துக்கொண்டுதான். பழைய கட்டடத்தில் போடுவதற்கு முன் கேட்டுவிட்டுப் போடுங்கள், கல் கீறும் என்று பயப்படுவார்கள். அடியில் பழைய டியூபை வெட்டி ஒட்டிக் காட்டினால் விட்டுவிடுவார்கள்.

வெயிலில் நிறுத்திய காரில் வண்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கறுப்பு ரெக்சின் சீட்டும் இரும்பும் தோசைக்கல்லாகிவிடும். உணர்ச்சி இல்லாத கால் என்றால் சுடுவது பிள்ளைக்குத் தெரியாது. சாயங்காலம் டிரெஸ் மாற்றும்போதுதான் கொப்புளம் தெரியும். ஒரு வெள்ளைத் துண்டை நனைத்துப் பிழிந்து சீட்டையும் கம்பியையும் துடைத்து, உங்கள் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகே உட்கார வையுங்கள். கால் வைக்கிற தட்டையும் சேர்த்து.

கழிப்பறை

திட்டத்தையே இதை வைத்துத்தான் போடுகிறோம். யாழினிக்கு மூன்று, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டும். அதற்குக் கை கழுவத் தண்ணீர், வெளிச்சம், தாழ்ப்பாள் மூன்றும் வேண்டும். வீட்டில் எட்டரை மணிக்கு முடித்துவிட்டுக் கிளம்பினால் பன்னிரண்டு வரை கவலை இல்லை. அதற்குள் பார்ப்பதுதான் எங்கள் மியூசியம்.

போனில், 'மாற்றுத்திறனாளிகள் டாய்லெட் இருக்கா?' என்பதோடு நிறுத்தாமல் 'சாவி யாரிடம்?' என்று கேளுங்கள். ஓர் இடத்தில் கதவில் சக்கர நாற்காலிப் படம் பளிச்சென்று ஒட்டியிருந்தது. பூட்டு. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். வந்து திறந்தால் உள்ளே தொடப்பம், பினாயில் கேன், உடைந்த டியூப் லைட், ஒரு பழைய பேனர். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வராந்தாவில் வரிசையாக அடுக்கினாள். பேனரைச் சுவரில் சாய்த்து வைத்தாள். முடிந்து வெளியே வந்தபோது, அவற்றைத் திரும்ப உள்ளே வைக்க ஆள் வந்து நின்றார். 'வேற ரூம் பாருங்கண்ணே' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மாற்று ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். ஆம்னியின் பின்சீட்டு, ஜன்னலுக்கு இரண்டு போர்வை, கைகழுவ ஒரு கேன் தண்ணீர், சோப்பு. தண்ணீர் குடிப்பதை மட்டும் குறைக்காதீர்கள். டாய்லெட் பிரச்சினைக்குப் பயந்து பிள்ளையைத் தாகத்தோடு வைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். இந்த ஊர் வெயிலுக்கு அது தாங்காது, சிறுநீர்த் தொற்றும் வரும்.

உள்ளே போன பிறகு

கிளம்புவதற்கு முன் ஒருநாள் நீங்கள் அந்த வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண் எங்கே இருக்கிறது என்று தெரியும். கண்ணாடிப் பெட்டிகளை நிற்கிற பெரியவர்களுக்காக வைத்திருக்கிறார்கள். மேசை மாதிரிப் படுத்திருக்கிற பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு விளிம்பும், கண்ணாடியில் மின்விளக்கின் பளபளப்பும்தான் தெரியும். நேராக முட்டிக்கொண்டு போனால் கால் தட்டு இடித்து இன்னும் தள்ளி நிற்க வேண்டும். பெட்டிக்கு இணையாக, பக்கவாட்டில் வண்டியை ஒட்டி நிறுத்துங்கள். தலையைத் திருப்பினால் பொருள் ஒரு கை தூரத்தில் இருக்கும். பளபளப்பு அடித்தால் அரை அடி முன்னே பின்னே நகர்த்திப் பார்த்தால் விலகிவிடும். அப்படியும் தெரியாததை நான் மேலிருந்து போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவேன். படம் எடுக்கக் கட்டணம் உண்டா, அனுமதி உண்டா என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பலகையை வாசிப்பது சின்னவன் முகிலின் வேலை. ஒன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் எல்லாரும் நிதானமாகப் பார்த்துவிடலாம். வேலை கொடுக்காவிட்டால் ஓடுவான், அவன் பின்னால் ஒருவர் ஓட வேண்டும், அப்புறம் யாழினிக்கு ஆள் குறையும்.

அப்பத்தாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 'அவங்களுக்கும் முட்டி வலி, இவளுக்கும் வண்டி, எப்படிச் சமாளிக்கிறது' என்று தோன்றும். சாய்தளம் இரண்டு பேருக்குமே ஆகும், உட்கார்கிற பெஞ்சும் இரண்டு பேருக்குமே ஆகும். கீழடியில் பானை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'ஆதன்', 'குவிரன்' என்று தமிழி எழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்தில், பெயர் கீறியவை. 2,600 ஆண்டுப் பழமை என்கிறார்கள். முகில் பலகையை வாசித்தான். அப்பத்தா குனிந்து பார்த்துவிட்டு, 'நம்ம எவர்சில்வர் குண்டாவுல பேரு வெட்டி வச்சிருக்கோம்ல, அது மாதிரிடா' என்றார். யாழினி கொஞ்ச நேரம் அந்தக் கீறலையே பார்த்தாள். எழுத்து நேர்கோட்டில் இல்லை, ஓட்டின் வளைவோடு சேர்ந்து சரிந்து போகிறது. 'அப்ப அந்தக் காலத்துலயும் பக்கத்து வீட்டுல பானை இரவல் வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்க மாட்டாங்க போல, அப்பத்தா.' பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி அண்ணன் சத்தமாகச் சிரித்துவிட்டார். அப்பத்தாவுக்கு அந்த ஓட்டின் முன்னாலிருந்து நகர மனசில்லை. கல்யாணச் சீராக வந்த குடத்தை யார் வாங்கிப் போனார்கள் என்று ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு மூன்று பொருளில் இரண்டுதான் பார்த்தோம். பகடைக்காயும் வட்டச் சில்லும் பார்த்தாயிற்று, யானைத்தந்தச் சீப்பு பாக்கி.

ஒரு கூடம் முடிந்தால் யாழினி இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பைச் சீட்டிலிருந்து மேலே எழுப்பிச் சில நொடி வைத்திருந்து இறக்குவாள். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் புண் வரும் என்பதற்காகப் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தது. உங்கள் பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கிறார்களோ அதைக் கூடத்துக்குக் கூடம் கணக்கு வைத்தால் மறக்காது. எங்கள் பயணத்தில் தூக்குவது என்றால் இது ஒன்றுதான்.

அப்படியும் ஒரு படி குறுக்கே வந்துவிட்டது, போட சாய்தளமும் இல்லை என்றால், முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். 'ஏத்தட்டுமா, இல்ல திரும்பிரலாமா?' அவள் திரும்பலாம் என்றால் திரும்புங்கள். சரி என்றால் எங்கே பிடிப்பது என்று நீங்கள் சொல்லுங்கள். உதவிக்கு ஓடி வருகிறவர்கள் நேராகக் கை வைக்கும் இடத்தைப் பிடிப்பார்கள். பல வண்டிகளில் அது கழற்றி மாட்டுவது. ஒருமுறை நல்ல மனிதர் ஒருவர் வேகமாக வந்து பிடித்து இழுக்க, கை வைக்கும் பகுதி அப்படியே உருவி அவர் கையோடு போய்விட்டது. 'அண்ணே, அதப் பிடிக்காதீங்க, கழண்டு வந்துரும்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நடந்தது. கால் தட்டும் அப்படித்தான். அசையாத சட்டக் குழாயை முன்னால் ஒருவர் பிடிக்க, பின்னால் கைப்பிடியை வீட்டு ஆள் பிடிக்க வேண்டும். பெல்ட் போட்டிருக்க வேண்டும். வண்டியைப் பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரத்தைப் படியில் உருட்டித்தான் ஏற்ற வேண்டும், அந்தரத்தில் தூக்கக் கூடாது.

மனுஷர்கள்

பார்ப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பது வேறு. 'அக்கா, இது எப்படித் திரும்புது?' என்று கேட்டால் யாழினி ஒரு சக்கரத்தை முன்னேயும் ஒன்றைப் பின்னேயும் இழுத்து நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றிக் காட்டுவாள். பெரியவர்கள் 'என்னாச்சு பாப்பாவுக்கு?' என்று என்னைக் கேட்பார்கள், அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது. 'அவளையே கேளுங்கம்மா' என்று ஒதுங்கிவிடுவேன். கோயில் பக்கம் போனால் மடியில் காசு போடுகிற பழக்கமும் உண்டு. ஓர் அம்மா பத்து ரூபாய் நோட்டை வைத்துவிட்டு விறுவிறுவென்று போனார். யாழினி வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போய், 'அம்மா, உங்க காசு என் மேல விழுந்துருச்சு' என்று நீட்டினாள். இது நாங்கள் வீட்டில் பேசி வைத்தது. உங்கள் பிள்ளைக்கு எது வாயில் வருமோ அப்படி ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே சேர்ந்து யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நமக்குத் தொண்டை அடைத்துவிடும், அவர்கள் பேசிவிடுவார்கள்.

மியூசியம் முடிந்ததும் பிள்ளைக்குப் பிடித்த ஏதாவது ஒன்று. எங்களுக்குப் பருத்திப்பால். கடை வாசலில் படி இருந்தால் வண்டியிலேயே வாங்கிக் குடிப்போம்.

திரும்பி வந்த பிறகு

போன இடத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அன்று ராத்திரியே எழுதி வையுங்கள். வாசல் அகலம், படி உயரம், சரிவு நீளம். போனிலேயே அளக்கிற ஆப் இருக்கிறது. நான் பட்டறை டேப்பைக் கொண்டு போவேன். பார்வையாளர் புத்தகத்தில் 'வசதி போதவில்லை' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. 'இரண்டாவது கூடத்து வாசலில் 5 இஞ்ச் உயரப் படி, அகலம் 4 அடி, 5 அடி நீள மரச் சாய்தளம் போதும்' என்று எழுதினால் அடுத்த வாரமே தச்சரைக் கூப்பிடலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு கடிதம். கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். காந்தி மியூசியத்துக்குப் பக்கத்தில்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களுக்கு இதைக் கடமையாக்கியிருக்கிறது என்று முதல் வரியில் எழுதுங்கள். இரண்டாவது வரியில் அளவு. இரண்டு படம், யுடிஐடி கார்டின் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகல். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், கோபம் வேண்டவே வேண்டாம். மனு ரசீதில் எண் போட்டுக் கொடுப்பார்கள், அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அந்த மியூசியத்துக்குப் போன் போடும்போது, படி எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் அந்த எண்ணைச் சொல்லி 'அது என்னாச்சு சார்?' என்று ஆரம்பிக்கலாம்.